பள்ளிப் பட்டறையில் ஒரு ஹாட் ராட்: சேசிஸிலிருந்து முதல் ஓட்டம் வரை

பழைய காரின் எடையைக் குறைத்து, எஞ்சின் பலத்தைக் கூட்டி, வேகத்துக்காகக் கட்டும் வண்டிதான் ஹாட் ராட். அதை இரண்டு முறை கட்ட வேண்டும். முதல் முறை வெறும் இரும்பாக, பெயின்ட் இல்லாமல், எல்லா உறுப்புகளையும் மாட்டிப் பார்ப்பதற்கு. இரண்டாம் முறை, கடைசி போல்ட் வரை கழற்றிச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து மாட்டுவதற்கு. மாணவர்களை வைத்து இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இதை முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவது நல்லது. பாதியில் நின்றுபோன பள்ளி வண்டிகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். எல்லாமே அந்த முதல் கட்டுமானத்தைத் தாண்டிவிடப் பார்த்தவை.

அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆட்டோ பட்டறைக்குச் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். மகன் அந்த வகுப்பில் சேர்ந்தபோது உள்ளே போனவன். அவன் படிப்பு முடிந்து போன பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே ஆசிரியரோடும் பிள்ளைகளோடும் நின்று கற்றுக்கொண்ட வரிசைதான் இது. பட்டறை வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கும், இப்படி ஒரு வகுப்புக்குத் துணை நிற்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

ஏன் இந்த வண்டி

ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரை 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து தள்ளியது. 1930களில் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. தெற்குக் கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டையும் பானெட்டையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்தார்கள். எஞ்சினைத் திறந்து பலம் கூட்டினார்கள். முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்தார்கள். 1932-இல் ஃபோர்டு சாமானியர் வாங்கும் விலையில் வி8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்தது) கொண்டுவந்ததும் இந்த ஆர்வம் இன்னும் பற்றிக்கொண்டது. எஞ்சின் கொள்ளளவு 221 கன அங்குலம், பலம் 65 குதிரைத்திறன். இன்று சிறியதாகத் தெரியும். அன்று அது பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் ராணுவத்தில் கற்ற இயந்திர வேலையைக் கையில் கொண்டுவந்தார்கள். தெருக்களில் பந்தயம் பெருகியது. அதை விதிகளும் பரிசோதனையும் உள்ள தடத்துக்குக் கொண்டுபோக, 1951-இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

பள்ளிக்கு இது பொருந்துவதற்குக் காரணம் எளிது. ஹாட் ராடில் எதுவும் மறைந்திருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். இன்றைய காரின் பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

படி 1: முடிக்கக்கூடிய வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை டி-பக்கெட். மாடல் டியின் உருவத்தில் ஃபைபர் கிளாஸ் பாடி, இரும்புக் குழாயில் கட்டிய சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), திறந்த எஞ்சின். 1950களில் நார்ம் கிரபோவ்ஸ்கி என்ற கலிஃபோர்னியா இளைஞர் பழைய மாடல் டி பாடியில் கேடிலாக் வி8 எஞ்சினை வைத்துக் கட்டிய வண்டிதான் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கியது. கூரை இல்லை, ஜன்னல் கண்ணாடி இல்லை, பானெட் இல்லை. பல பாடிகளில் திறக்கும் கதவுகூடக் கிடையாது. ஒரு கதவை இடைவெளி பிசகாமல் பொருத்த ஒரு மாதம் போய்விடும். அந்த மாதம் மிச்சம்.

எங்கள் பட்டறை முதலில் எடுத்தது டி-பக்கெட் அல்ல. யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த 1930-ஆம் ஆண்டு மாடல் ஏ சீடான். இலவசம் என்று மகிழ்ந்தோம். தரைத்தகடு, கதவின் அடிப்பாகம், கூரைக்கு உள்ளே இருந்த மரச்சட்டம் எல்லாம் உளுத்திருந்தது. இரண்டு ஆண்டுகள் துருவை வெட்டித் தகடு ஒட்டினோம். தொடங்கிய பிள்ளைகள் படிப்பு முடிந்து போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது வேறு யாருடைய வண்டியோ. கடைசியில் உதிரியாக விற்றோம். ஒரு பையன் இரண்டு ஆண்டும் தகடு மட்டுமே வெட்டினான், ஒரு முறைகூட எஞ்சினைத் தொடவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம். தொடங்கிய வகுப்பே முடித்துப் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

உறுப்புகளும் எங்கும் கிடைப்பவையாக இருக்கட்டும். எஞ்சினுக்கு செவ்ரோலே ஸ்மால் பிளாக் 350. எண், கன அங்குலக் கொள்ளளவு. இந்தக் குடும்பம் 1955-இல் 265 கன அங்குலத்தில் தொடங்கியது, 350 வந்தது 1967-இல். பழைய பாகக் கிடங்குகளில் இன்றும் கிடைக்கிறது. கியர் பாக்ஸ் டர்போ 350 ஆட்டோமேட்டிக். பின் ஆக்சில் ‘ஃபோர்டு 8 அங்குலம்’ என்ற வகை. முன்னால் குழாய் ஆக்சில். ஸ்டியரிங் பாக்ஸ், 1970களின் செவ்ரோலே வேகா காரில் வந்தது. சிறியது, எடை குறைவு. இன்னும் பலமான எஞ்சின் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு டன்னுக்கும் குறைவான வண்டிக்கு எந்த மாற்றமும் செய்யாத 350-ஏ தாராளம்.

படி 2: ஸ்பேனருக்கு முன் காகிதம்

எஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில், பாடி, சேசிஸ் ஒவ்வொன்றுக்கும் விற்றவர் கையெழுத்திட்ட ரசீது வேண்டும். எண் பொறித்த பாகங்களின் எண்ணையும் அதில் எழுதி வாங்குங்கள். கையால் கட்டிய வண்டியைப் பதிவு செய்யும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் இத்தகைய வண்டிகளுக்கு ஆண்டுக்கு 500 பேருக்கு மட்டும் புகை விதிகளில் தனிச் சலுகை உண்டு. உங்கள் மாநிலத்தின் வாகனத் துறை அலுவலகத்துக்கு ஒரு முறை நேரில் போய், எந்த விளக்குகள், எந்தக் கண்ணாடி, எத்தனை பிரேக் என்று பட்டியல் வாங்கி வந்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் மறுபடி வெட்டி ஒட்ட நேரும்.

வண்டி யாருடையது, யார் ஓட்டலாம், முடிந்ததும் விற்பதா வைத்திருப்பதா என்பதையும் பள்ளி நிர்வாகத்தோடு இப்போதே எழுத்தில் முடிவு செய்யுங்கள். விற்று அந்தப் பணத்தில் அடுத்த வண்டியைத் தொடங்குவது நல்ல வழி.

படி 3: பத்து மாதத்துக்கு ஒரு நாட்காட்டி, ஒரு நோட்டு

பள்ளி ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. நாங்கள் பிரித்துக்கொள்வது இப்படி: செப்டம்பரில் பாதுகாப்பும் வெல்டிங் பயிற்சியும், அக்டோபர் நவம்பரில் சேசிஸ், அதே நேரத்தில் இன்னொரு குழு எஞ்சின், ஜனவரி பிப்ரவரியில் முதல் கட்டுமானம், மார்ச்சில் கழற்றலும் பெயின்டும், ஏப்ரலில் இரண்டாம் கட்டுமானமும் வயரிங்கும், மே முதல் வாரத்தில் ஸ்டார்ட். மே முழுவதையும் வேறு எதற்கும் ஒதுக்காதீர்கள். அது பிழை திருத்தத்துக்கு.

குழுக்களை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நன்றாக வெல்டிங் செய்யும் பிள்ளை வெல்டிங்கை விட்டு வரமாட்டாள். ஆசிரியருக்கும் அவளை அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனாலும் மாற்றுங்கள்.

ஒவ்வொரு நாளும் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் நோட்டுக்கு. யார் எதை மாட்டினார், எத்தனை முறுக்கு, எது விட்டுப்போனது. மறுநாள் வருகிறவருக்கு அந்த நோட்டுதான் மேஸ்திரி.

படி 4: கருவியைத் தொடும் முன் தேர்வு

எழுத்துத் தேர்வு, பிறகு செய்முறை. இரண்டிலும் முழு மதிப்பெண் எடுக்காதவர் கிரைண்டரைத் தொடக் கூடாது. கண்ணில் அணியும் பாதுகாப்புக் கண்ணாடியில் இசட்87 என்ற அமெரிக்கத் தர முத்திரை இருக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலை போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான். தொங்கட்டான், மோதிரம், நீளமான தலைமுடி, தொளதொளச் சட்டை எல்லாம் சுழலும் இயந்திரத்துக்கு இரை.

பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அதில் துடைத்த இரும்பை ஈரம் காயாமல் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உண்டாகும். வெல்டிங் பகுதிக்குள் அந்த டப்பாவையே விடாதீர்கள். துத்தநாகம் பூசிய தகட்டையும் அப்படியே வெல்டிங் செய்யக் கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

படி 5: சேசிஸ்

வண்டியின் நேர்மை தரையிலிருந்து தொடங்குகிறது. பட்டறைத் தரை எவ்வளவு சமமாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கனமான இரும்பு மேசை ஒன்றை அமைத்து, ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் சமப்படுத்துங்கள். மேசையின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு கிழியுங்கள். இனி எல்லா அளவும் அந்த நடுக்கோட்டிலிருந்துதான். டேப்பை ஓரத்திலிருந்து பிடிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருக்கும். ஓரம் மாறும், நடுக்கோடு மாறாது.

சேசிஸுக்கு 2க்கு 3 அங்குலச் செவ்வகக் குழாய், சுவர் கனம் எட்டில் ஒரு அங்குலம் அளவுக்கு. வெட்டிய துண்டுகளை மேசையில் கவ்விப் பிடித்து, முதலில் பொட்டு வெல்டிங் மட்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் பதினாறில் ஒரு அங்குலத்துக்குள் ஒத்துவராவிட்டால் வெட்டிவிட்டு மறுபடி. முழு வெல்டிங்கின்போது ஒரே மூலையில் நின்று முடிக்காமல், இங்கே ஒரு அங்குலம், எதிர் மூலையில் ஒரு அங்குலம் என்று மாறி மாறிப் போங்கள். சூடு ஒரு பக்கம் குவிந்தால் இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

சேசிஸில் யார் வெல்டிங் செய்யலாம் என்பதற்கு எங்கள் பட்டறையில் ஒரே சோதனைதான். இரண்டு துண்டு இரும்பை ஒட்டி, வைஸில் பிடித்துச் சம்மட்டியால் மடக்குவோம். ஒட்டு விரிந்தால் இன்னும் ஒரு வாரம் பயிற்சி. விரியாமல் இரும்பு மட்டும் மடங்கினால் அந்தப் பிள்ளை அடுத்த நிலைக்குத் தயார். அப்படியும், ஸ்டியரிங், பிரேக் பெடல், ஆக்சில் தாங்கும் பிராக்கெட்டுகளின் ஒட்டைச் சான்றிதழ் பெற்ற வெல்டர்தான் போட வேண்டும். மாணவர் வெட்டலாம், பொருத்தலாம், பொட்டு வைக்கலாம். இதில் பிள்ளைகளின் மனம் நோகும் என்று இளகிவிடாதீர்கள்.

முன் ஆக்சிலைப் பொருத்தும்போது கிங்பின்னின் (முன் சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த ஆணி) மேல்முனை பின்பக்கம் 5 முதல் 7 டிகிரி சாய்ந்திருக்கட்டும். இந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் வண்டியை நேராக இழுத்துப் பிடிக்கிறது. கடையில் பொருள் வாங்கித் தள்ளும் வண்டியின் முன் சக்கரத்தைக் காட்டி இதை விளக்கலாம்; பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கிங்பின்னிலிருந்து, இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு கம்பியின் முனை வழியாகப் பின்னோக்கி இரண்டு பக்கமும் நூல் இழுத்தால், இரண்டு நூலும் பின் ஆக்சிலின் நடுவில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் திருப்பத்தில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும், டயர் தேய்க்காது. சக்கரங்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட எட்டில் ஒரு அங்குலம் குறைவாக இருக்கட்டும். வடிவியல் பாடத்தில் தூங்கிய ஒரு பையன் இந்த நூலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நகராமல் நின்றதைப் பார்த்தேன்.

போல்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தலையில் ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, மூன்று கோடு இருந்தால் கிரேடு 5. கோடே இல்லாத போல்ட்டுக்குச் சேசிஸில் இடமில்லை. ஸ்டியரிங் மூட்டுகளில் நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் கட்டாயம்.

படி 6: எஞ்சின்

எல்லோருக்கும் பிடித்த பகுதி. அதனாலேயே அவசரம் வரும் பகுதி.

கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிப் பையில் போடுங்கள். பேரிங் மூடிகள் எந்த இடத்தில் எந்தத் திசையில் இருந்தனவோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். கழற்றும் முன் எண் குத்திவிடுங்கள். எஞ்சினின் உடலான பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்பி விரிசல் பார்த்து, தேவைப்பட்டால் போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, பெரிதாக்கி வாங்குங்கள். திரும்பி வந்ததும் வெந்நீரும் சோப்பும் விட்டுப் பிள்ளைகளே தேய்க்கட்டும். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை விடக் கூடாது. பிறகு உடனே எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் துரு பூக்கும்.

பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி மட்டப்படுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் ரிங்கின் வாய் இடைவெளியைப் பாருங்கள். ஒரு அங்குலப் போருக்கு 0.004 அங்குலம் என்பது கணக்கு. 350-இன் போர் 4 அங்குலம், ஆகவே 0.016. குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறும். பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இங்கே பதில் கிடைத்துவிடும்.

முறுக்கு அளவுகள்: மெயின் மூடி 70 அடி-பவுண்டு, கனெக்டிங் ராடு 45, ஹெட் 65. எதையும் ஒரே மூச்சில் முறுக்காமல் மூன்று சுற்றாக ஏற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். அவை தண்ணீர் அறைக்குள் நீள்வதால் மரையில் சீலன்ட் தடவ மறக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திக் கழற்றுங்கள். ஒருவர் முறுக்க, மற்றொருவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, மூன்றாமவர் போல்ட் தலையில் பெயின்ட் பொட்டு வைக்கட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டும் முன் அந்தத் துளை வழியாக நீண்ட கம்பியை இறக்கி, டிரில் மிஷினால் ஆயில் பம்பைச் சுழற்றுங்கள். சில நிமிடங்களில் எண்ணெய் புஷ் ராடுகள் வழியாக ஏறி, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களில் வழியும். கிராங்கை இடையிடையே திருப்பினால் பதினாறிலும் வரும். வரும்வரை எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

படி 7: முதல் கட்டுமானம்

இந்தப் படியில் அழகைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பாடி, எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், டாங்கி, சீட், பெடல் எல்லாவற்றையும் பச்சை இரும்பாகவே ஏற்றுங்கள். நல்ல எஞ்சினுக்குப் பதிலாக உடைந்த காலி பிளாக் ஒன்றை வைத்துப் பொருத்தினால் பயமில்லாமல் தூக்கி இறக்கலாம்.

பிறகு ஒரு பிள்ளையை உட்காரவைத்துக் கேள்விகளைக் கேளுங்கள். பிரேக்கை மிதித்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா? டி-பக்கெட்டில் கால்வைக்கும் இடம் மிகக் குறுகல். வகுப்பில் உயரமானவரையும் குள்ளமானவரையும் உட்காரவைத்துப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பினால் டயர் எங்காவது உரசுகிறதா? ஆக்சில் மேலும் கீழும் ஆடும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? எஞ்சினை இறக்காமல் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற ஸ்பேனர் நுழைகிறதா? சைலன்சர் குழாய் ஏறி இறங்குபவரின் காலைச் சுடுமா? முன் விளக்கைத் தாங்கும் துண்டு எங்கே ஒட்டப்படும்?

ஒவ்வொரு பதிலும் ஒரு துளை அல்லது ஒரு பிராக்கெட். எல்லாத் துளையும் எல்லா ஒட்டும் இங்கேயே முடிய வேண்டும். பெயின்ட் அடித்த சேசிஸில் ஒரு துளை போட நேர்ந்தாலும் இந்தப் படி அரைகுறையாக முடிந்தது என்று பொருள்.

படி 8: பிரேக்

மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டதாக இருக்கட்டும். ஒரு குழாய் போனாலும் மற்றது நிறுத்தும். இந்த வண்டிகளில் அது தரைக்கு அடியில், சக்கரத்தின் பிரேக்குகளைவிடத் தாழ்வாக அமையும். அதனால் பிரேக் எண்ணெய் திரும்பி வடிந்து பெடல் தொய்யும். தடுக்க, டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாயில் நிறுத்திவைக்கும் தேக்கு வால்வு போடுங்கள். பவர் உதவி இல்லாத பெடலுக்கு நெம்பு விகிதம் 6க்கு 1. குழாய் எஃகுதான், முனைகள் இரட்டை மடிப்பு. சாதாரணச் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது அதிர்வில் இறுகி வெடிக்கும்.

படி 9: கழற்றல், பெயின்ட்

எல்லாவற்றையும் பிரிக்கும் நாளில் பிள்ளைகள் முகம் வாடிவிடும். வண்டி போலத் தெரிந்தது மறுபடி குவியலாகிறது அல்லவா. முந்தின நாள் முழு வண்டியோடு ஒரு வகுப்புப் படம் எடுத்துவிடுங்கள்.

ஃபைபர் கிளாஸ் பாடி அச்சிலிருந்து வரும்போது மெழுகு ஒட்டியிருக்கும். முதலில் மெழுகு நீக்கும் திரவம், அதன் பிறகே உப்புத்தாள். வரிசை மாறினால் மெழுகைத் தேய்த்து உள்ளே ஏற்றிவிடுவீர்கள். பெயின்ட் ஒட்டாமல் சிறு சிறு வட்டக் குழிகளாக விடும். தேய்ப்பது, பட்டி போடுவது, பிரைமருக்குப் பின் மட்டம் பார்ப்பது எல்லாம் மாணவர் வேலை, முகமூடியோடு. கடைசி யூரித்தேன் பெயின்டை மட்டும் பெயின்ட் அடிப்பதற்கான முறையான பூத் அறை வைத்திருக்கும் பெயின்டரிடம் கொடுங்கள். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுப்பது. சாதாரண முகமூடி போதாது.

படி 10: வயரிங்

ஃப்யூஸ் பெட்டியோடு வரும் தயார் வயரிங் செட் வாங்குங்கள். மறக்கக் கூடாதது ஒன்றுதான்: ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. இரும்புப் பாடியில் போல்ட் வழியாகவே எர்த் கிடைத்துவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும், ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் சேசிஸுக்கு இழுக்க வேண்டும். மங்கலாக எரியும் விளக்குக்கு முதல் சந்தேகம் எர்த் மேல்தான் வர வேண்டும்.

படி 11: ஸ்டார்ட், ஓட்டம்

தீயணைப்பான் இருவர் கையில். ரேடியேட்டரில் தண்ணீர், எஞ்சினில் துத்தநாகச் சேர்க்கை உள்ள பிரேக்-இன் ஆயில். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. வயர்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். வால்வுகளை இயக்கும் கேம் தண்டு பழைய வகைத் தட்டை டேப்பெட் கொண்டது என்றால், ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் (மெதுவான ஓட்டத்தில்) விடக் கூடாது. உடனே 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட வேண்டும். அந்தக் கேமுக்கு எண்ணெய் கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான் கிடைக்கிறது. மெதுவாக ஓடினால் புதுக் கேம் அன்றே தேய்ந்துவிடும். ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு பிள்ளையை நிறுத்துங்கள். முள் விழுந்தால் யாரையும் கேட்காமல் சாவியை அணைக்க அவளுக்கு உரிமை உண்டு.

முதல் ஓட்டம் காலியான வாகன நிறுத்தத்தில், ஆசிரியர் கையில், மணிக்கு 10 மைல். முதல் பத்து அடியில் பிரேக். மறுபடி பத்து அடி, மறுபடி பிரேக். பிறகு இறங்கி, எங்காவது எண்ணெய் கசிகிறதா, எது சூடாகிறது என்று கையாலும் கண்ணாலும் பாருங்கள். எட்டுப் போல இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

50 மைல் ஓடியதும் வண்டியைத் தூக்கி, சக்கர நட்டு, ஸ்பிரிங் யு-போல்ட், டை ராடு, ஸ்டியரிங் பாக்ஸ், எஞ்சின் மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி முறுக்கி நோட்டில் எழுதுங்கள். யு-போல்ட் நிச்சயம் தளர்ந்திருக்கும். அந்தப் பக்கத்தை அடுத்த செப்டம்பரில் வரும் வகுப்பிடம் நோட்டோடு கொடுத்து, அதே போல்ட்டுகளை அவர்களையே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர்களுடைய வேலை அங்கே தொடங்கும்.